இரு எசமானர்களுக்கு இடையில் ஒரு கோல்காப்பாளர்

2025 செப்டெம்பரில் வட அமெரிக்க ஐஸ் ஹொக்கி வட்டாரத்தில் சிறியதொரு கொடுக்கல் வாங்கல் நடைபெற்றது. பிலடெல்பியா பிளையர்ஸ் கழகம் தன்னிடமிருந்த 28 வயதான ரஷ்யக் கோல்காப்பாளர் இவான் பெடோட்டோவை கொலம்பஸ் புளூ ஜக்கெட்ஸ் கழகத்துக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக 2026 ஆம் ஆண்டு வீரர் தெரிவின் ஆறாவது சுற்றில் ஓர் இளைஞரைத் தெரிவுசெய்யும் உரிமையைப் பெற்றுக்கொண்டது. ஏழு சுற்றுகளைக் கொண்ட அந்தத் தெரிவில் ஆறாவது சுற்றுக்கு உள்ள பெறுமதி அற்பமானது. விளையாட்டுப் பக்கங்களின் மூலையில் நான்கு வரிகளுடன் முடிந்துபோன செய்தி அது.

ஆனால், அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னர் இதே மனிதரின் பெயர் உலகப் பத்திரிகைகளின் அரசியல் பக்கங்களில் இடம்பெற்றிருந்தது. கிரெம்ளினின் பேச்சாளரே அவரைப் பற்றிய கேள்விகளுக்குப் பதிலளிக்க நேர்ந்தது. ஒரு விளையாட்டு வீரரின் உடலுக்கும் உழைப்புக்கும் உரிமையாளர் யார், அவரைப் பயிற்றுவித்து வளர்த்த அரசா, ஒப்பந்தம் எழுதிப் பணம் கொடுக்கும் கழகமா, அல்லது அவரேதானா என்ற பழைய கேள்வியை அண்மைக் காலத்தில் பெடோட்டோவின் வாழ்க்கையைப் போன்று வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த விவகாரம் வேறொன்று இருப்பதாக எமக்குத் தெரியவில்லை.

ஐஸ் ஹொக்கி எமது வாசகர்களில் பலருக்குப் பரிச்சயமற்ற விளையாட்டு. கனடாவில் உறவினர்களைக் கொண்டவர்கள் அங்கு குளிர்காலத்தில் சிறுவர்களும் பெரியவர்களும் அதன் மீது கொண்டிருக்கும் வெறியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். பனிக்கட்டித் தரையில் சப்பாத்தின் அடியில் பொருத்திய உருக்குத் தகடுகளின் மேல் சறுக்கியவாறு, அணிக்கு அறுவராக நின்று ஆடும் ஆட்டம் இது. பந்துக்குப் பதிலாக 'பக்' எனப்படும் தட்டையான இறப்பர் வட்டு. ஏறத்தாழ 160 கிராம் எடையுடைய அந்த வட்டை உறையவைத்துக் கல்லைப் போல இறுக்கிய பின்னரே ஆட்டத்துக்குக் கொண்டுவருவார்கள். நன்கு பலம் வாய்ந்த வீரர் ஒருவர் அடித்தால் அது மணிக்கு 150 கிலோ மீற்றரையும் தாண்டிய வேகத்தில் பறந்துவரும். கோல் கம்பங்களுக்கு இடையிலான அகலம் 1.83 மீற்றர். உயரம் 1.22 மீற்றர்.

அந்தச் சிறிய வாசலில் நிற்பவரே கோல்காப்பாளர். ஏனைய வீரர்கள் நிமிடத்துக்கு ஒரு தடவை என்ற கணக்கில் மாறிமாறி வெளியே சென்று இளைப்பாறுவார்கள். அவருக்கு அந்த வசதி கிடையாது. 20 நிமிடங்கள் கொண்ட மூன்று பகுதிகளிலும் அவர் நின்றாக வேண்டும். தன்னை நோக்கி வரும் நூறு அடிகளில் ஏறத்தாழ தொண்ணூறைத் தடுப்பவர் சாதாரணமான கோல்காப்பாளர். தொண்ணூற்றிரண்டைத் தடுப்பவர் உலகின் முதல்தர வீரர்களில் ஒருவர். இந்த இரண்டு அடிகளின் வித்தியாசமே ஒருவருக்குக் கோடிக்கணக்கான டொலர்களையும் இன்னொருவருக்கு ஊர் திரும்பும் பயணச்சீட்டையும் பெற்றுக்கொடுக்கிறது. கண்ணும் கையும் முழங்காலும் ஒரே கணத்தில் ஒன்றையொன்று கேளாமலே இயங்கவேண்டிய இந்தத் தொழிலில், பயிற்சியற்றுப் போகும் ஒரு மாதமே பெரிய இழப்பாகும். ஒரு வருடத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

ரஷ்யா இத்தகைய வீரர்களின் விளைநிலமாக இருந்து வருகிறது. தம்பா பே அணியின் அன்ட்ரே வசிலெவ்ஸ்கி 2020 இலும் 2021 இலும் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றவர். புளோரிடா அணியின் சேர்கே பொப்ரோவ்ஸ்கி 2024 இலும் 2025 இலும் அதே கிண்ணத்தைக் கைப்பற்றினார். நியூயோர்க் ரேஞ்சர்ஸின் இகோர் ஷெஸ்டெர்கின் 2024 டிசெம்பரில் எட்டு வருடங்களுக்கு 92 மில்லியன் டொலர் ஒப்பந்தமொன்றைப் பெற்று, அதுவரையிலான வரலாற்றில் அதிக சம்பளம் பெறும் கோல்காப்பாளரானார். பெடோட்டோவும் இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவரே.

1996 நவம்பரில் பின்லாந்தின் லப்பீன்ரன்டா நகரில் பிறந்து சென் பீட்டர்ஸ்பேர்க்கில் வளர்ந்தவர் அவர். ஏறத்தாழ இரண்டு மீற்றர் உயரம். நின்றாலே கோல் வாசலின் பெரும்பகுதி மறைந்துவிடும். 2015 ஆம் ஆண்டு வீரர் தெரிவில் அவரை பிளையர்ஸ் கழகம் ஏழாவதும் இறுதியுமான சுற்றில், 211 பேரில் 188 ஆவது ஆளாகப் பெயரிட்டது. அதாவது, அவர் மீது எவருக்கும் பெரிய எதிர்பார்ப்பு இருக்கவில்லை. பின்னொரு நாளில் உதவக்கூடும் என்று எடுத்துவைத்த பெயர். அதன் பின்னர் ஆறு வருடங்கள் அவர் நிஷ்னெகம்ஸ்க், உபா, செல்யாபின்ஸ்க் என்று ரஷ்ய மாகாண நகரங்களின் கழகங்களில் பொறுமையாகத் தொழில் கற்றார். கோல்காப்பாளர்கள் தாமதமாகவே கனிபவர்கள் என்பதை இந்த விளையாட்டை அறிந்தோர் நன்கு அறிவர்.

கனிந்த பருவம் 2021 - 2022 இல் வந்தது. மொஸ்கோவின் சி.எஸ்.கே.ஏ. கழகத்தில் சேர்ந்த பெடோட்டோவ், 2022 பெப்ரவரியில் பீஜிங் ஒலிம்பிக்கில் ரஷ்ய வீரர்கள் அணியின் பிரதான கோல்காப்பாளராக நின்று வெள்ளிப் பதக்கம் பெற்றார். இறுதி ஆட்டத்தில் பின்லாந்து 2 - 1 என்று வென்றது. அந்த வசந்தத்தில் சி.எஸ்.கே.ஏ. ஏழு ஆட்டங்கள் வரை நீண்ட இறுதிச் சுற்றில் மக்னிட்டோகோர்ஸ்க் அணியைத் தோற்கடித்து ரஷ்யாவின் ககாரின் கிண்ணத்தை வென்றபோதும் வாசலில் நின்றவர் அவரே. மே 7 ஆம் திகதி, தன்னை ஏழு வருடங்களுக்கு முன்னர் பெயரிட்டிருந்த பிளையர்ஸ் கழகத்துடன் ஒரு வருட ஒப்பந்தத்தில் அவர் கைச்சாத்திட்டார்.

அதற்குப் பின்னர் 55 நாட்கள் கழிந்தன. ஜூலை 1 ஆம் திகதி, சென் பீட்டர்ஸ்பேர்க்கில் பயிற்சி முடித்து வெளியே வந்த பெடோட்டோவ் தடுத்து நிறுத்தப்பட்டு இராணுவ ஆட்சேர்ப்பு அலுவலகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கட்டாய இராணுவ சேவையைத் தவிர்த்து வந்தார் என்பதே அவர் மீதான சந்தேகம். அங்கு சுகவீனமுற்று வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார். சில தினங்களில் அவர் ஆர்ட்டிக் வட்டத்துக்கு அப்பால், ரஷ்ய வடக்குக் கடற்படையின் தலைமையகம் அமைந்துள்ள செவெரோமோர்ஸ்க்குக்கு அனுப்பப்பட்டார் என்ற செய்தி வெளியாகியது. பிலடெல்பியாவில் பயிற்சி முகாமுக்குச் செல்லவேண்டியவர், பேரன்ட்ஸ் கடலோரத்தில் சிப்பாயாக்கப்பட்டார். உக்ரேன் மீதான படையெடுப்பு ஆரம்பமாகி அப்போது நான்கு மாதங்களே ஆகியிருந்தன என்பதையும் கவனத்திற் கொள்ளவேண்டும்.

சட்டத்தின் எழுத்தை மாத்திரம் பார்த்தால் ரஷ்ய அரசின் பக்கம் நியாயம் இல்லை என்று கூறிவிட முடியாது. அப்போதைய சட்டப்படி 18 முதல் 27 வயது வரையான ஆண்கள் ஒரு வருடம் இராணுவத்தில் சேவையாற்ற வேண்டும். பெடோட்டோவுக்கு வயது 25. ஒவ்வொரு வருடமும் பல்லாயிரக்கணக்கான ஏழை விவசாயிகளினதும் தொழிலாளர்களினதும் பிள்ளைகள் இந்தச் சட்டத்தின் கீழ் அழைத்துச் செல்லப்படுகிறார்கள். அவர்களுக்காக எந்தப் பத்திரிகையும் ஆசிரியத் தலையங்கம் தீட்டியதில்லை. கையில் மட்டையுடன் பிறந்தவருக்கு மாத்திரம் ஏன் விலக்கு என்று கிராமத்துத் தாய் ஒருத்தி கேட்டால் அதற்கு எம்மிடமும் பதிலில்லை.

ஆனால், அந்தச் சட்டம் விளையாட்டு வீரர்கள் மீது எவ்வாறு பிரயோகிக்கப்பட்டு வந்தது என்பதைப் பார்க்கும்போதே விடயம் விளங்குகிறது. சி.எஸ்.கே.ஏ. என்ற எழுத்துகளின் பொருள் 'இராணுவத்தின் மத்திய விளையாட்டுக் கழகம்' என்பதாகும். சோவியத் காலம் தொட்டு இத்தகைய கழகங்களின் வீரர்கள் சீருடைப் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டு பனித்திடலிலேயே தங்கள் சேவையை நிறைவேற்றுவது வழக்கமாக இருந்துவந்தது. நாட்டுக்குள் விளையாடும் வரை சட்டம் உறங்கிக்கொண்டிருக்கும். அமெரிக்கக் கழகத்துடன் கைச்சாத்திட்ட 55 ஆம் நாளில் அது விழித்துக்கொண்டதைத் தற்செயல் என்று நம்புவதற்கு மிகுந்த வெள்ளை மனம் வேண்டும்.

இந்தக் கழகத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்ப்பது இவ்விடத்தில் பொருத்தமானதாக இருக்கும். 1970 களிலும் 80 களிலும் சோவியத் ஐஸ் ஹொக்கி உலகை ஆட்டிப்படைத்ததற்கு சி.எஸ்.கே.ஏ. அணியே அடித்தளமாக விளங்கியது. ஏனைய கழகங்களில் தலைகாட்டும் திறமைசாலிகளை இராணுவத்துக்கு அழைப்பதன் மூலம் இலகுவாகத் தன் அணிக்குள் கொண்டுவர அதனால் முடிந்தது. ஆட்சேர்ப்புச் சட்டமே வீரர்களை வாங்கும் காசாகப் பயன்பட்டது என்று சொன்னாலும் பிழையாகாது. 1977 இல் பயிற்றுநர் பொறுப்பை ஏற்ற விக்டர் டிகோனோவ் வீரர்களை வருடத்தின் பெரும்பகுதி குடும்பங்களிலிருந்து பிரித்து முகாமில் அடைத்து வைத்திருந்தார்.

அந்த முகாமில் வாழ்ந்தவர்களில் உலகின் தலைசிறந்த கோல்காப்பாளர் என்று பலராலும் கருதப்பட்ட விளாடிஸ்லாவ் ட்ரெட்டியாக்கும் ஒருவர். மூன்று ஒலிம்பிக் தங்கப் பதக்கங்கள், பத்து உலக சாம்பியன் பட்டங்கள். 1983 இல் கனடாவின் மொன்றியல் கழகம் வீரர் தெரிவில் அவரைப் பெயரிட்டது. சோவியத் அதிகாரிகள் அனுமதி மறுத்தனர். முகாமில் தங்காமல் குடும்பத்துடன் வாழ்ந்தவாறு விளையாட அனுமதிக்குமாறு அவர் கேட்டதற்கும் டிகோனோவ் இணங்கவில்லை. 1984 இல், 32 ஆவது வயதில், அவர் விளையாட்டையே விட்டு விலகினார். ஒரு கோல்காப்பாளருக்கு 32 என்பது ஓய்வுபெறும் வயதல்ல. இத்தனைக்கும் பின்னர், 2006 முதல் நீண்ட காலம் ரஷ்ய ஐஸ் ஹொக்கி சம்மேளனத்தின் தலைவராக வீற்றிருந்தவர் இதே ட்ரெட்டியாக் என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

காத்திருக்க மனமில்லாதவர்கள் ஓடினார்கள். 1989 மே மாதம் ஸ்டொக்ஹோமில் உலகச் சுற்றுப்போட்டி முடிந்ததும் 20 வயது அலெக்சாந்தர் மொகில்னி அணியை விட்டு மறைந்து அமெரிக்காவின் பபலோ நகரைச் சென்றடைந்தார். அவர் இராணுவ அதிகாரி தரத்தில் இருந்தவராகையால் படையை விட்டுத் தப்பியோடிய குற்றம் அவர் மீது சுமத்தப்பட்டது. 1990 இல் நல்லெண்ண விளையாட்டுப் போட்டிகளுக்காக அமெரிக்கா சென்றிருந்த சேர்கே பெடோரோவ் அதே வழியைப் பின்பற்றி டெட்ரோயிட் அணியில் சேர்ந்து, மூன்று ஸ்டான்லி கிண்ணங்களை வென்றார்.

பெயர் ஒற்றுமை காரணமாக வாசகர்கள் இவரையும் பெடோட்டோவையும் மாற்றிக்கொள்ளக்கூடாது. எனினும், இருவருக்கும் இடையே வேறொரு தொடர்பு உண்டு. 2022 இல் சி.எஸ்.கே.ஏ. அணி ககாரின் கிண்ணத்தை வென்றபோது அதன் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் இந்த சேர்கே பெடோரோவே. 20 வயதில் இராணுவக் கழகத்திலிருந்து அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றவர், 52 வயதில் அதே கழகத்தின் பயிற்றுநராக அமர்ந்திருந்த வேளையில்தான், அவருடைய கோல்காப்பாளர் அமெரிக்கா செல்ல முற்பட்டதற்காகப் பனிப் பிரதேசத்துக்கு அனுப்பப்பட்டார். இதை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால் மிகைப்படுத்துகிறார் என்று கூறியிருப்போம்.

பிளையர்ஸ் கழகத்துக்கும் இந்த இராணுவ அணிக்கும் இடையில் பழைய கணக்கொன்றும் உண்டு. பனிப்போர் காலத்தில், 1976 ஜனவரி 11 ஆம் திகதி, வட அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் தோல்வியே காணாமல் வந்த சி.எஸ்.கே.ஏ. பிலடெல்பியாவில் களமிறங்கியது. எதிரணியின் முரட்டு ஆட்டத்தைக் கண்டித்து சோவியத் வீரர்கள் நடு ஆட்டத்தில் திடலை விட்டு வெளியேறினார்கள். ஒப்பந்தப் பணம் கிடைக்காது என்று எச்சரிக்கப்பட்ட பின்னரே திரும்பி வந்தனர். ஆட்டம் 4 - 1 என்று பிளையர்ஸுக்குச் சாதகமாக முடிந்தது. அன்று சோவியத் வாசலில் நின்றவர் ட்ரெட்டியாக்.

பெடோட்டோவ் 2023 கோடையில் சேவையை முடித்து வெளியே வந்தார். அவர் இல்லாத வருடத்திலும் சி.எஸ்.கே.ஏ. ககாரின் கிண்ணத்தை வென்றிருந்தது. எனவே, அவரின்றி அணி தவித்தது என்று எவரும் கூற முடியாது. ஆயினும், ஜூலையில் அவருடன் இரண்டு வருட ஒப்பந்தம் செய்துகொண்டதாக அக்கழகம் அறிவித்தது. சிப்பாயாகக் கழித்த வருடத்தில் நிறைவேற்ற முடியாமற்போன தமது ஒப்பந்தம் அடுத்த பருவகாலத்துக்குச் செல்லுபடியாகும் என்பது பிளையர்ஸின் வாதம். சர்வதேச ஐஸ் ஹொக்கி சம்மேளனம் ஆகஸ்டில் பிளையர்ஸுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, பெடோட்டோவ் வேறு எந்த அணிக்கும் ஆடக்கூடாது என்றது. சி.எஸ்.கே.ஏ. அதனைப் பொருட்படுத்தாமல் செப்டெம்பர் முதல் வாரத்திலேயே அவரைக் களத்தில் இறக்கியது. இதற்குத் தண்டனையாக, வேறு நாடுகளிலிருந்து வீரர்களைப் பெறுவதற்குக் கழகத்துக்கு ஒரு வருடத் தடையும், 2023 டிசெம்பர் 31 வரை விளையாடுவதற்குப் பெடோட்டோவுக்குத் தடையும் விதிக்கப்பட்டன. ரஷ்ய லீக் இத்தடையையும் மதிக்கவில்லை. அவர் தொடர்ந்து ஆடினார்.

இந்தத் தீர்ப்பின் முதற் பகுதி சரியானது என்பதே எமது கருத்து. ஒப்பந்தங்களுக்கு மதிப்பில்லையெனில் சர்வதேச விளையாட்டே நடைபெற முடியாது. ஆனால், வீரர் மீது விதிக்கப்பட்ட தடை எமக்கு ஏற்புடையதாக இல்லை. ஒரு வருடத்துக்கு முன்னர் பயிற்சித் திடலின் வாசலிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட ஒருவர், விடுவிக்கப்பட்டதும் இராணுவக் கழகம் நீட்டிய தாளில் கைச்சாத்திடும்போது எவ்வளவு சுதந்திரத்துடன் அதனைச் செய்திருக்க முடியும்? அந்தக் கேள்வியைக் கேளாமலே கழகத்தையும் வீரரையும் சம குற்றவாளிகளாக நிறுத்தினார்கள். 2022 பெப்ரவரி முதல் ரஷ்ய அணிகள் அனைத்தையும் சர்வதேசப் போட்டிகளிலிருந்து விலக்கி வைத்திருந்த ஒரு சம்மேளனத்தின் தடை ரஷ்யாவுக்குள் என்ன பலனைத் தரப்போகிறது என்பதையும் அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அமெரிக்க லீக்கும் ரஷ்ய லீக்கும் பரஸ்பரம் ஒப்பந்தங்களை மதிப்பதற்கென வைத்திருந்த புரிந்துணர்வு உடன்படிக்கையும் போரின் ஆரம்பத்தில் இடைநிறுத்தப்பட்டிருந்தது. பேசித் தீர்ப்பதற்கான கதவை மூடிய பின்னர் ஒரு தனி மனிதரின் தலையில் பொறுப்பைச் சுமத்தினார்கள்.

முடிவில் விவகாரம் ஓசையின்றித் தீர்ந்தது. 2024 மார்ச் 28 ஆம் திகதி சி.எஸ்.கே.ஏ. அவருடனான ஒப்பந்தத்தை இரத்துச் செய்தது. ஓரிரு நாட்களில் பெடோட்டோவ் பிலடெல்பியாவில் நின்றார். ஏப்ரல் 1 ஆம் திகதி நியூயோர்க் ஐலண்டர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில், இடைநடுவே மாற்று வீரராக, அமெரிக்க லீக்கில் முதன் முதலாகக் களமிறங்கினார். பெயரிடப்பட்டு ஒன்பது வருடங்கள் கடந்திருந்தன. வயது 27. அந்தப் பருவகாலத்தில் மூன்று ஆட்டங்களில் மாத்திரமே பங்கேற்றாலும், பிளையர்ஸ் அவருக்கு வருடத்துக்கு 32 இலட்சத்து 75 ஆயிரம் டொலர் என்ற அடிப்படையில் இரண்டு வருட ஒப்பந்தமொன்றைக் கொடுத்தது.

திரைப்படமாக இருந்தால் கதை இவ்விடத்தில் முடிந்து விளக்குகள் எரியத் தொடங்கும். நடந்தது வேறு. 2024 - 2025 பருவகாலத்தில் 26 ஆட்டங்களில் தோன்றிய பெடோட்டோவ் ஆறு வெற்றிகளையே பெற்றார். நூறு அடிகளுக்கு 88 என்ற அளவிலேயே அவரால் தடுக்க முடிந்தது. தொண்ணூறுக்கும் தொண்ணூற்றிரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை முன்னர் குறிப்பிட்டோம். எண்பத்தெட்டு என்பது எந்த இடம் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். பிளையர்ஸின் ஏனைய கோல்காப்பாளர்களும் அந்த வருடத்தில் மோசமாகவே ஆடினர் என்பதை நியாயத்துக்காகச் சொல்லவேண்டும். பலவீனமான தற்காப்புக்குப் பின்னால் நிற்பவரின் எண்கள் எப்போதும் முழு உண்மையைச் சொல்வதில்லை.

25 ஆவது வயதில், ஒலிம்பிக்கும் ககாரின் கிண்ணமும் கொடுத்த உச்ச நிலையில் அமெரிக்கா வந்திருந்தால் அவர் வசிலெவ்ஸ்கியின் வரிசையில் அமர்ந்திருப்பாரா? அப்படியெல்லாம் உறுதியாகச் சொல்வதற்கில்லை. ரஷ்யாவில் பிரகாசித்து அமெரிக்காவில் மங்கிய கோல்காப்பாளர்கள் பலர் உள்ளனர். திடலின் அளவு, அடிகள் வரும் கோணம், முன்னால் மறைத்து நிற்கும் வீரர்களின் நெருக்கம் யாவும் மாறுபடுகின்றன. அவற்றுக்குப் பழகுவதற்கு இளமையும் அவகாசமும் தேவை. பெடோட்டோவிடமிருந்து பறிக்கப்பட்டது அந்த அவகாசமே. கொலம்பஸுக்கு மாற்றப்பட்ட பின்னர், 2025 பருவகாலத்தின் ஆரம்பத்தில் அவர் கிளீவ்லாந்திலுள்ள அதன் துணை அணிக்கு அனுப்பப்பட்டார்.

ரஷ்யாவில் சட்டம் அவருக்குப் பின் இன்னும் இறுகியிருக்கிறது. 2024 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து கட்டாய சேவைக்கான வயதெல்லை 27 இலிருந்து 30 ஆக உயர்த்தப்பட்டது. வெளிநாட்டு ஒப்பந்தமொன்றைக் கையில் வைத்துக்கொண்டு சட்டம் உறங்கும் வரை காத்திருக்க நினைக்கும் இளைஞர் இனி மேலும் மூன்று வருடங்கள் காத்திருக்கவேண்டும்.

பிளையர்ஸ் கழகமோ ரஷ்யர்களைப் பெயரிடுவதை நிறுத்திவிடவில்லை. பெடோட்டோவின் விவகாரம் கொதித்துக்கொண்டிருந்த 2023 ஆம் ஆண்டு வீரர் தெரிவிலும் அது ஒரு ரஷ்யக் கோல்காப்பாளரைத் தேர்ந்தது. 2005 இல் பிறந்த யெகோர் சவ்ராகின் என்ற அந்த இளைஞர் அதன் பின்னர் சென் பீட்டர்ஸ்பேர்க்கின் எஸ்.கே.ஏ. கழகத்தின் வாசலில் நின்று பெயர் பெறத் தொடங்கினார். எஸ்.கே.ஏ. என்பதன் விரிவு, 'இராணுவ விளையாட்டுக் கழகம்'.